அத்தானைத் தூக்க எத்தனை முட்டை

முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தின்று ஒரு பெண் தனியாளாக ஒரு பிரிட்ஜை மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாளாம். இதை அக்காவிடம் சொன்னவர், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணன். அவருக்குச் சொன்னது அவர் மச்சான். மச்சானுக்குச் சொன்னது ஜிம்மில் பக்கத்தில் நின்று எடை தூக்கிக்கொண்டிருந்த யாரோ. அந்த யாரோவும் அந்தப் பெண்ணை நேரில் பார்த்ததில்லை.

"பிரிட்ஜுக்குள்ள சாமான் இருந்துச்சா?" என்று அக்கா கேட்டாளாம்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் தங்கச்சி?"

"காலி பிரிட்ஜ்னா ஒரு கணக்கு, அண்ணே. சாமானோடன்னா வேற கணக்கு."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தாராம். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கணக்கு நிஜமாகவே தேவைப்பட்டது.

கடையில் அக்காவின் வேலை கண்ணாடிகளைச் சரிசெய்வது. வளைந்துபோன காதுக் கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்துவாள். மூக்கை அழுத்தும் ரப்பரை மாற்றுவாள். எள்ளைவிடச் சிறிய திருகாணியை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அதன் ஓட்டையில் இறக்குவாள். தும்மினால் திருகாணி போய்விடும். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலைதான். அந்தக் கடையில் அவள் தூக்கியதிலேயே பெரிய பாரம் பிரேம்கள் அடுக்கிய மேசை இழுப்பறை.

வீட்டில் கனமானதெல்லாம் அத்தானின் பொறுப்பு. அத்தான் நகரப் பேருந்து ஓட்டினார். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் 'டபுள் டெக்கர்'. தண்ணீர் கேனை ஒரு கையிலும் அக்காவின் பையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படியேறுவார். அலமாரியை நகர்த்தி அடியில் கூட்டச் சொன்னால், அவள் கூட்டி முடிக்கும்வரை அதைச் சாய்த்துப் பிடித்தபடி நிற்பார். பிள்ளைகள் இல்லை. உறவு என்று சொல்ல, வேறு நாட்டில் வேலை பார்க்கும் நான் ஒருவன்.

ஒரு நாள் காலை பேருந்தின் இருக்கையில் ஏறப்போனவர் ஏறவில்லை. இடது பக்கம் விழுந்துவிட்டது.

அக்கா போனில் சொன்னாள்: "இடது கை, இடது கால் வேலை செய்யல. வாய் பாதி செய்யுது. வலது பக்கம் நல்லா இருக்கு." கடைக்கு வந்த கண்ணாடியில் எது உடைந்திருக்கிறது, எது உடையவில்லை என்று சொல்வதுபோல இருந்தது. நான் என்னென்னவோ கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். கடைசியில், "கடையில ஒரு வாரம் லீவு சொல்லிட்டேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பதற்கு ஒரு பிசியோதெரபிப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் நாளே அவள் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"கட்டில்லருந்து நாற்காலிக்கு, திரும்ப நாற்காலிலருந்து கட்டிலுக்கு. இதை ஒருத்தருக்குப் பத்திரமாச் செய்யத் தெரியணும். நீங்க கடைக்குப் போற நேரத்துக்கு ஆள் வரும், மத்த நேரம் நீங்கதான். உங்களால முடியலன்னா பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பச் சொல்லித்தான் நான் எழுதணும்மா. கீழ விழுந்தார்னா இடுப்பு போயிடும்."

அந்த இல்லத்தை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நீளமான அறை. இரண்டு பக்கமும் கட்டில்கள். சுவரில் உயரத்தில் சத்தமில்லாமல் ஓடும் டிவி. "எல்லாரும் சுத்தமா இருக்காங்க" என்றாள் என்னிடம். அத்தானுக்கு அப்போது வாயில் வார்த்தைகள் குழம்பித்தான் வரும். ஆனால் "அங்க வேணாம்" என்பது மட்டும் முழுசாக வந்ததாம்.

முதல் முறை அவரை எழுப்பப் பார்த்தபோது இரண்டு பேரும் கட்டிலிலேயே சரிந்தார்கள். அக்கா அடியில். அவளுக்கு மூச்சு முட்ட, அத்தான் மேலே கிடந்தபடி குழறினார்: "பஸ்... சைக்கிள் மேல ஏறிடுச்சு."

"சைக்கிள் பேச முடியாமக் கிடக்கு. நகருங்க" என்றாள் அக்கா. அவரால்தான் நகர முடியாதே. பிசியோ பெண்தான் இழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு அந்தப் பெண் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள். சதை பலப்பட இரண்டு வேண்டும். ஒன்று பயிற்சி, இன்னொன்று சாப்பாட்டில் புரதம். சும்மா இருப்பவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு முக்கால் கிராம், அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். பயிற்சி செய்பவர்களுக்கு ஒன்றரை கிராம் அளவில் வேண்டும். "உங்க எடை நாப்பத்தெட்டு. எழுபது கிராம் சொச்சம் போதும். ஒரு முட்டையில ஆறு கிராம் இருக்கும். மீதிக்குப் பருப்பு, கோழி, மீன், தயிர்னு பிரிச்சுக்குங்க."

அக்கா தலையாட்டினாள். அவள் போன பிறகு அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள்.

"என் எடைக்குத் தின்னா நான் என்னைத்தான் தூக்கிக்கலாம். நான் எதுக்கு என்னைத் தூக்கணும்? தூக்க வேண்டியது உங்களை."

அத்தான் ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவர். "லோடுக்குத் தக்க... டீசல்" என்றார்.

அவர் தொண்ணூற்று நான்கு கிலோ. அக்கா தொண்ணூற்று நான்கு கிலோவுக்குச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது, குருவி மாதிரிக் கொறிப்பவள் போனில் மென்றுகொண்டே பேசுகிறாள் என்பதுதான். "ருசியா இருக்கா?" என்றால், "உள்ள போகுது" என்பாள். நான் இங்கே உட்கார்ந்து எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் தேடித் தேடிப் படித்தேன். ஒன்றில் புரதம் மிஞ்சினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று இருந்தது. இன்னொன்றில், நல்லபடியாக இருக்கும் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்தது. நான் இரண்டையும் நம்பினேன்.

கடையில் பிரேம் இழுப்பறைக்குள் அவித்த முட்டைகள் இருந்தன. "என்ன தங்கச்சி, கோழிப்பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துட்டியா?" என்பார் அண்ணன். "பேசியிருக்கு அண்ணே. கோழிங்க இன்னும் ஒத்துக்கல" என்பாள், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து பழகினாள். கண்ணாடி வாங்க வந்த ஒருவர், ஏதோ வேண்டுதலாக்கும் என்று நினைத்து ஓரமாக நின்று காத்திருந்தாராம். பிறகு இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தாள். பிறகு கேனோடு.

லீவு கிடைத்து நான் போனபோது அவள் தோள் கொஞ்சம் அகன்றிருந்தது. கண்கள் மட்டும் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கண்ணாடி மாதிரி இருந்தன. அவர்கள் தூக்குவதைப் பார்த்தேன். அத்தானின் இடுப்பில் பட்டையான பெல்ட். அக்கா அவர் முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்துக் குனிந்தாள். அவர் வலது கையை அவள் தோளில் போட்டார்.

"என்ன கண்டக்டர்... போலாமா?" என்றார் அத்தான்.

"ரைட்."

எழுந்தார்கள். பாதி வழியில் அக்காவின் போன் அடித்தது. அதை அவள் எப்போதும் அத்தானின் சட்டைப் பையில்தான் போட்டு வைப்பாள். அது இருவரின் நெஞ்சுக்கும் நடுவில் கிடந்து அதிர்ந்தது.

"யாரோ... இறங்கணுமாம்" என்றார் அத்தான்.

"ஸ்டாப்பிங் வரல. பேசாம வாங்க."

நாற்காலியில் இறக்கிய பிறகுதான் போனை எடுத்தாள். "தூக்கும்போது எவன் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன்டா, நீயா இருந்தாலும்" என்றாள் என்னைப் பார்த்து. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போன மாசம் இவ்வளவு கஷ்டம் இல்ல."

அன்று மதியம் பிசியோ பெண் வந்தாள். உட்கார்ந்தபடி எடை பார்க்கும் தராசில் அத்தானை ஏற்றினாள். எண்பத்து நான்கு. அக்கா அடுப்படிக்குப் போய், தன் பாத்திரத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் திரும்பப் பிரிட்ஜில் வைத்தாள்.

"ஏன்க்கா?"

"லோடு குறைஞ்சிருக்குல்ல. அவ்வளவு டீசல் எதுக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிசியோ பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள்: புரதம் சாப்பிடுகிறவரின் உடம்பைப் பொறுத்தது, தூக்கும் பாரத்தைப் பொறுத்தது இல்லை. தேவைக்கு மேலே தின்றது சதையாகாது, வேறு வழியில் செலவாகிவிடும். அவளைப் பலப்படுத்தியதில் பெரும்பங்கு முக்காலியும் தண்ணீர் கேனும்தான்.

"அப்ப மீதியை யாருக்காகத் தின்னேன்?" என்றாள் அக்கா. "சரி, போகட்டும். இன்னொண்ணு கேக்கறேன். இவர் எடை குறையுது. கனம் ஏன் கூடுது?"

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அத்தானின் வலது தொடையைப் பிடித்துப் பார்த்தாள். பைஜாமாத் துணி கொத்தாகக் கைக்குள் வந்தது.

"உங்ககூட நின்னு தூக்கினது இந்தக் கால்தாம்மா. பாதி பாரம் இது தாங்கும், மீதிதான் உங்களுக்கு. இது கரைஞ்சு போச்சு. அதான் எடை குறைஞ்சும் கனம் கூடுது. படுத்தே இருந்தா சதை சீக்கிரம் கரையும். சாப்பாட்டுல புரதமும் இல்லன்னா கேக்கவே வேண்டாம். இவர் என்ன சாப்பிடறார்?"

"நான் சாப்பிடறதுல பாதி குடுக்கறேன். எல்லாத்தையும் தின்னுடறார்."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிசியோ பெண் போகும்போது நாள் குறித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அந்தக் கால் நிற்க வேண்டும், எடை இதற்கு மேல் குறைந்திருக்கக் கூடாது, அக்கா அவரை ஒரு தடவை தடுமாறாமல் மாற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இல்லத்து வண்டி அன்றைக்கே வரும்.

சாயங்காலம் படுக்கை விரிப்பை மாற்ற நானும் கை கொடுத்தேன். சுவரோரம், அவருடைய நல்ல கை எட்டும் இடத்தில், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே காகிதக் கைக்குட்டைப் பொட்டலங்கள் சொருகியிருந்தன. உள்ளே முட்டை, கோழித் துண்டு. சிலது காய்ந்திருந்தது, சிலது அழுகியிருந்தது.

"நாத்தம் வந்துட்டுதான் இருந்துச்சு" என்றாள் அக்கா. "அவர் உடம்பு நாத்தம்னு நினைச்சேன்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். கட்டி வெளியில் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் அத்தானின் எதிரில் போய் நின்றாள்.

"என்ன இது?"

"லோடு... குறைக்கறேன்."

"யார் கேட்டா?"

"உன் இடுப்பு... போகுது. ராத்திரி முனகற. எனக்குக் காது நல்லாத்தான இருக்கு."

அக்கா அடுப்படிக்குப் போனாள். முட்டை வேகும்வரை பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாளோ என்று நான் பக்கத்தில் நின்றேன். அழவில்லை. தோலுரித்து, நான்காக வெட்டி, தட்டில் வைத்துக்கொண்டு போனாள்.

"வாயைத் திறங்க."

"கனத்துடுவேன்."

"கனத்துக்குங்க. எனக்கு அந்தக் காலைக் குடுங்க, போதும்."

அவர் வாயைத் திறந்தார். விழுங்கிவிட்டாரா என்று அவள் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், கம்பி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகு நான் இருந்தவரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவரவர் எடைக்கு. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எழுந்திருக்க மாட்டாள். சாப்பிட்டதும் அவர் வலது காலை நீட்டி மடக்குவார், அவள் உள்ளங்காலுக்கு எதிராகத் தன் கையை வைத்துத் தள்ளுவாள். "தள்ளுங்க. பிரேக்கா இது, தலையணையா?" என்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். அவர் உடம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அவள் கைக்குத்தான் வரும். அது பலமாக அவர் காலுக்கு முதலில் போய்ச் சேருமா, பாரமாக அவள் இடுப்புக்கு முதலில் போய்ச் சேருமா என்பது அவர்கள் இருவருக்குமே தெரியாது. நான் கிளம்பும் அன்று அந்தக் கால் ஒரு கணம் நின்றது. மறு தடவை நிற்கவில்லை.

இங்கே வந்த பிறகு தினமும் போனில் இரண்டே கேள்விதான். "சாப்பிட்டீங்களா?" என்றால், "சாப்பிட்டார்" என்பாள். "நின்னாரா?" என்றால், "நேத்து நின்னார்" என்பாள். இல்லையென்றால் "ம்."

இன்றைக்குத்தான் அந்த நாள். பிசியோ பெண் வந்து போயிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. நான் அலுவலகத்துப் படிக்கட்டில் நின்று கூப்பிடுகிறேன். முதல் முறை முழுக்க அடித்து ஓய்ந்தது. தூக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் கடந்துவிட்டது. திரும்ப நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று வைத்தாலும் கடந்துவிட்டது. இல்லத்து வண்டி வந்திருந்தால் போன் எங்கே இருக்கும் என்று யோசிக்கிறேன். அவர் சட்டைப் பையிலேயே அவரோடு போயிருக்கும்.

மறுபடி கூப்பிடுகிறேன். அடிக்கிறது.