ரைட் சொன்னால்தான் வண்டி நகரும்

எங்கள் பக்கத்தில் 'ரைட்' சொல்ல இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாத்தியார் சிலேட்டில் போடுவது ரைட். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் மாமா சொல்வதும் ரைட். சம்மதமா, புறப்படுகிறாரா என்பது அவர் செருப்பைத் தேடும் வேகத்தில் தெரியும். மில் மேஸ்திரி "ரைட், ரைட்" என்று இரண்டு முறை சொன்னால் நம் பேச்சு அவர் காதில் ஏறவில்லை என்று கொள்ளலாம். என் தகப்பனார் ஒரு முறை சொன்னால் விவாதம் முடிந்தது.

ஆனால் அந்தச் சொல்லுக்கு முழு அதிகாரம் ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில்தான். வக்கீல் குமாஸ்தாவாக நான் அதில் தினமும் போய்வந்தேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரிவாயு அடுப்பு ஏறிய பிறகு. அரிசிக்கு ரேஷன் வருவதற்கு முன்பு. இந்த வரிசையை மறுத்து என்னோடு வாதாடிய நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வது தவறு.

படியில் கால் வைத்த பெரியவர் ஒருவர் விழுந்ததிலிருந்து பஸ் முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார்: கண்டக்டர் தன் வாயால் ரைட் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. டிரைவர் அதிலிருந்து இம்மியும் பிசகமாட்டார்.

ஆடிப்பூரத் தேருக்கு மறுநாள் அது. முதல்நாள் வடம் பிடித்துக் கத்தியதில் கண்டக்டருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அன்றைக்கென்று முதலாளி ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போக டிரைவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்டக்டரை நிறுத்திவிட்டு மைத்துனர் மகனை வைக்க அவர் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்டக்டர் பின்படியில் நின்று எங்களைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

கீரை விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வன்னியம்பட்டிக்குத் திரும்பிய ஒருத்தி, முந்தானையை வாயில் பொத்தி, ஆண்குரலில் "ரைட்" என்றாள். கண்டக்டரைவிட நன்றாகவே இருந்தது. டிரைவருக்குக் காது கொஞ்சம் மந்தம்; வண்டி நகர்ந்தது. வழிநெடுக அவளே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வன்னியம்பட்டி விலக்கில் அவள் இறங்கித்தானே ஆகவேண்டும்? ரோட்டில் நின்று சொன்னால் முதலாளி பார்த்துவிடுவார். பருத்தித் தரகர் ஒருவர் முயன்றார். அது இருமலாக முடிந்தது. வண்டி நின்றபடியே நின்றது.

முதலாளி பொறுமை இழந்தார். "ரைட், போப்பா."

"கண்டக்டர் சொல்லணும் மொதலாளி. நீங்க போட்ட சட்டம்லா," என்றார் டிரைவர்.

முதலாளி இறங்கிப் பின்பக்கம் போனார். நாங்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பினோம்.

"ஏலே, சொல்லு பாப்போம்."

கண்டக்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

கீரைக்காரி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நேத்து நாச்சியா தேரு நிலைக்கு வந்ததே இவிய போட்ட சத்தத்துலதான் மொதலாளி. நீங்களும் இடுப்புல துண்டக் கெட்டிக்கிட்டு அங்கனதான நின்னிய?"

முதலாளி செத்த நேரம் கண்டக்டரையே பார்த்தார். தூரத்தில் தெரிந்த கோபுரத்தையும் ஒருதரம் பார்த்தார். முன்னால் வந்து ஏறி உட்கார்ந்து, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லிட்டான். எனக்குக் கேட்டுது. நீ எடு," என்றார் டிரைவரிடம்.

மைத்துனர் மகன் அந்த வருஷமே ஒரு பருத்திக் கமிஷன் கடையில் சேர்ந்தான்.