அண்ணன் மாட்டிய சைலன்சர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் எனக்கு மெக்கானிக் கடை இருந்த காலத்தில், நான் அதிகம் வெறுத்த பொருள் சைலன்சர்தான். வண்டியோடு வந்ததை அல்ல. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கிவந்து மாட்டுகிற பளபளப்பான குழாயைச் சொல்கிறேன். உள்ளே தடுப்புத் தகடு என்று ஒன்றே இருக்காது. சம்பளம் போட்ட வாரத்தில் யாராவது ஒருவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நிற்பார். பிக்கப் ஏறுமா என்று கேட்பார். ஏறாது என்பேன். பரவாயில்லை, மாட்டு என்பார். மாட்டுவேன். சில நாளில் திரும்பி வந்து, வண்டி இழுக்கவில்லை என்று என்னையே முறைப்பார்.

ஆரம்பத்தில் நானும் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தவன்தான். புகை தடையில்லாமல் வெளியே போனால் இன்ஜின் கூடுதலாகக் காற்றை இழுக்கும். கார்புரேட்டரோ பழைய அளவில்தான் பெட்ரோல் விடும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் சூடேறும், பிளக் வெளுத்துப்போகும், ஆக்சிலேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கும். உச்ச வேகத்தில் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம். அந்த வேகத்தில் போக நம் ரோட்டில் இடம் எங்கே இருக்கிறது? லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊரும்போது வேண்டிய இழுவைதான் போய்விடும். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள், கேட்டுக்கொண்டிருந்தவர் டீ குடிக்கப் போயிருப்பார். ஒரு கட்டத்தில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

இரும்பு மில் ஆட்கள் இன்னும் பேஜாரு. ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வருவார்கள். அவர்கள் காதுக்குள் மில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நன்றாக ஓடுகிற வண்டியைப் பார்த்து, சத்தமே இல்லை, இன்ஜின் செத்துப்போச்சு என்பார்கள். சத்தம் இருந்தால்தான் அவர்களுக்குச் சக்தி. அதனால் கடையில் ஒரு விதி வைத்தேன். ஷிப்ட் முடித்து வருகிறவரின் வண்டிக்கு அன்று டியூனிங் கிடையாது. வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, காது தெளிந்த பிறகு வர வேண்டும். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அப்படி ஒரு மில்லில்தான் என் அண்ணனும் இருந்தார். பழுக்கக் காய்ந்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. எங்கள் வீடு சோழவரம் ஏரிப் பக்கம். காலை ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் அங்கே பஸ் வராது, ரயில் ஏறவும் தோதில்லை. வண்டி இருந்தால்தான் அவருக்கு வேலை. வேலை இருந்தால்தான் அண்ணிக்கு அடுப்பும் இரண்டு பெண்களுக்குப் பள்ளிக்கூடமும்.

அந்த அண்ணனே ஒரு நாள் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பதைத் தாண்டிய ஆள், பெரிய பெண் ஒன்பதாவது படிக்கிறாள், இந்த வயதில் இது என்ன கூத்து என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் மாட்டு என்று கையால் காட்டினார். மாட்டினேன். அந்த வாரமே தெரு சண்டைக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்தில் அலறுகிறது என்று அதன் தாய் அண்ணியிடம் வந்து அழுதாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

வார விடுமுறையன்று பகலில் அவர் வண்டியைக் கடைக்குக் கொண்டுவரச் செய்து, பழைய சைலன்சரையே திரும்ப மாட்டினேன். ஸ்டார்ட் செய்து, சென்டர் ஸ்டாண்டில் ஓடவிட்டு, கை துடைக்கத் துணி எடுக்கப் போனேன். டீக்கடையிலிருந்து வந்த அண்ணன், சாவி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றபடியே கிக்கரை உதைத்தார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் கரகரவென்று அலறியது. மறுபடியும் உதைக்கக் காலைத் தூக்கினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து டாங்க் மேல் வைத்தேன். உள்ளங்கையில் அதிர்வு தெரிந்ததும் என்னைப் பார்த்தார். அன்று அவருக்கு ஷிப்ட் கிடையாது. வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்.

அவரை உள்ளே உட்காரவைத்தேன். அவராகவே பேசினார்.

"மில்லுல நான் செவுடு இல்லடா. அங்க எல்லாருமே கைலதான் பேசிக்கினு கீறோம். ஊட்டுக்கு வந்தாதான் செவுடு."

பெண்கள் ஏதாவது கேட்டால் சிரித்து வைத்துவிடுகிறாராம். பழைய சைலன்சரில் இன்ஜின் ஓடுகிறதா நின்றதா, கியர் மாற்ற வேண்டுமா என்பதே தெரியவில்லையாம். அந்தக் குழாய் போட்டால் மட்டும் கொஞ்சம் கேட்கிறது. மில்லில் தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், அண்ணியிடம் சொல்லாதே என்றார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக, எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போல அலுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலமே குழாயை மறுபடி மாட்டினேன். இந்த முறை ஒழுங்காக. குழாயின் வாய்க்குள் பாதித் தகடு ஒன்றை வெல்டிங் வைத்தேன், மெதுவாகப் போகும்போது வேண்டிய இழுவை கொஞ்சமாவது திரும்பிவரட்டும் என்று. கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூடுதலாக விடுகிற பெரிய ஜெட் போட்டு, அதன் ஊசியை ஒரு படி உயர்த்தி, ஓட்டிப் பார்ப்பதும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் பிளக், கலவை சரி என்று காட்டும் செங்கல் நிறத்துக்கு வந்தது. வேறு எந்த வண்டிக்கும் நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தெருவில் யார் கேட்டாலும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச காலம் ஓடியது. மழை விட்டிருந்த ஒரு காலையில், கவரைப்பேட்டைக்கு அருகே இரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று அண்ணனை உரசிக்கொண்டு போய்விட்டது. வண்டியோடு ஓரத்துப் பள்ளத்தில் விழுந்திருந்தார். தோள் வீங்கி, முழங்கை சிராய்த்து, அதோடு போயிற்று. ஹார்ன்கூட அடிக்காமல் வந்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் திட்டினார். அண்ணியும் சேர்ந்து அந்த டிரைவரின் குடும்பத்தையே சபித்தாள். அவர் வண்டி அவருக்குக் கேட்கும்படி செய்துவிட்டேன். பின்னால் வருகிறவன் வண்டியைக் கேட்கவைக்க என்னிடம் எந்த ஜெட்டும் இல்லை.

குழாயைக் கழற்றினேன். பழைய ஜெட்டையும் பழைய சைலன்சரையும் போட்டேன். தோள் சரியாகும்வரை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். விடிவதற்கு முன் எழுந்து மில்லுக்குப் போய்வந்து கடை திறப்பதை நினைத்தாலே உடம்பு வலித்தது. அண்ணன் வாதாடவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். கவரைப்பேட்டை தாண்டியதும் எங்களுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. நான் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கினேன்.

"எதுக்குடா ஒதுங்கறே? ரோடு காலியாத்தானே கீது," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டிரெய்லர் எங்களைக் கடந்துபோனது. அப்போதும் ஹார்னை விட்டபாடில்லை. டிரைவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி எங்களைத் திட்டுவது தெரிந்தது. மில் கேட்டில் அண்ணன் இறங்கினார். சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டார். உள்ளே போகாமல் நின்று, என் உதட்டையே பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்கும் அவன் அடிச்சிக்கினுதான் வந்திருப்பான், இல்ல?"