நான் வாசித்த உபசாரப் பத்திரம்

அன்றைக்கு அதை நான் ஏன் அத்தனை நன்றாக வாசித்தேன்? பதினாறு வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். திக்கியிருக்கலாம். தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பெண் மேடையில் அழுதுவிட்டால் யாரும் தூக்கில் போடப்போவதில்லை. நானோ நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். வாசித்த காகிதம் இன்னும் என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கிறது. ரோஜா நிறக் காகிதம். சுற்றிலும் தங்க மையில் கொடி, நான்கு மூலையிலும் நான்கு கிளிகள். எங்கள் ஊர்ப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோக உயர்வு பெற்று மாற்றலாகிப் போனபோது, 'நன்றி மறவாத பொதுமக்கள்' அவருக்கு அளித்த உபசாரப் பத்திரத்தின் ஒரு பிரதி அது. எழுதியவர் என் பெரியப்பா. அதற்கு நாற்பது நாள் முன்னால், அதே மனிதர் மேல் புகார் மனு எழுதியவரும் பெரியப்பாதான். பேனாகூட அதேதான்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் தோல் பதனிடும் மண்டிகள்தான் எல்லாருக்கும் சோறு. அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் வைத்துக் காப்பாற்றிய பெரியப்பா ஒரு மண்டியில் குமாஸ்தா. மாதா கோயில் பாடகர் குழுவுக்கும் தலைவர். ஊரில் யாருக்கு எந்தக் காகிதம் வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். எழுதிக் கொடுப்பதில் அவருக்கு ஒரு பெருமை. எதை எழுதுகிறோம் என்பதில் அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போதே, அவர் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் பேசுகிறேனே என்று மனம் குத்துகிறது. குத்தட்டும்.

அந்தச் சப்-இன்ஸ்பெக்டரை எங்கள் தெருவில் எல்லாரும் மூக்கைப் பொத்தியவராகவே பார்த்திருக்கிறோம். தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டும்போது அத்தர் நனைத்த கைக்குட்டையை எடுத்துவிடுவார். எங்கள் நாற்றம் அவருக்கு ஆகாது. எங்கள் தோலில் தைத்த பூட்ஸும் இடுப்பு வாரும் மட்டும் ஆகும். வருஷத்துக்கு ஒரு ஜோடி, மண்டி முதலாளியின் அன்பளிப்பு.

ஒரு நாள் மண்டியில் பதனிட்டு வைத்திருந்த தோல் கட்டு ஒன்றைக் காணவில்லை என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். என்னோடு படித்த சிநேகிதியின் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார். தோலின் உட்புறச் சதையைக் கத்தியால் சீவி எடுப்பது அவர் வேலை. அந்தக் கட்டைக் கடைசியாகத் தொட்டவர் அவராம். அவர் தொடாத தோல் அந்த மண்டியில் எது? மூன்று நாள் ஆளைக் காணோம். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். நான்காம் நாள் அவரை மண்டி வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். வலது கையில் நான்கு விரல்கள் ஒடிந்திருந்தன. அதற்கு மறுநாள் மண்டி மாடியிலேயே, பழைய கோணிகளுக்கு அடியில், அந்தத் தோல் கட்டு கிடைத்தது. சப்-இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். "அப்படியா, சந்தோஷம்" என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவே பள்ளிக்கூடக் கொட்டகையில் கூடியது. எனக்குத் தெரிந்து எங்கள் தெரு போலீஸாரிடம் எதையாவது கேட்டது அன்றைக்குத்தான். கேட்டதும் பெரிய ராஜ்யம் இல்லை. பிடித்துக்கொண்டு போன ஆள் எங்கே இருக்கிறான் என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். விசாரிக்கப் போலீஸ் அல்லாத அதிகாரி வர வேண்டும். அடித்தவர் அடிபட்டவன் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பெரியப்பா எழுதினார். 'இவர் செய்ததை இவ்வூர் ஒருநாளும் மறவாது' என்று மனுவை முடித்துவிட்டு, அந்த வாக்கியத்தைத் தாமே இரண்டு தரம் உரக்கப் படித்து ரசித்தார். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள். மை பூசும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மைத் துணியில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினேன். வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு நீரில் ஊறிய விரல்கள். வழவழவென்று, தோல் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. காகிதத்தில் விழுந்ததெல்லாம் கறுப்புப் பொட்டுகள். ஒன்றிலும் கோடு இல்லை. சிநேகிதியின் அப்பா மட்டும் கட்டுப் போட்ட வலது கையை நீட்டி, "இதையும் வெச்சிக்கோ கண்ணு, இதுவும் பேசட்டும்" என்றார். அந்தக் கையில் ஒடியாமல் மிஞ்சியிருந்தது கட்டைவிரல் ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து விசாரணை வந்தது. வந்தவர் போலீஸ் அதிகாரிதான், சப்-இன்ஸ்பெக்டருக்கு மேலே இருப்பவர். காலைப் பலகாரம் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டில். அதன்பின், அதிகாரிகள் வந்தால் தங்கும் முசாபரி பங்களாவில் நியாயம். அதிகாரி மனுவை விரித்தார், பூதக்கண்ணாடியை எடுத்தார், ஒவ்வொரு பொட்டாகப் பார்த்தார். பின்னால் நாற்காலியில் சப்-இன்ஸ்பெக்டர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ரேகையே இல்லை. எவனோ ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு அத்தனையும் குத்தியிருக்கிறான்" என்றார் அதிகாரி.

கூட்டத்திலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "எங்க குழியில ஆறு மாசம் கையை விட்டுப் பாருங்க தொரே, உங்க ரேகையும் போய்டும்! அப்புறம் நீங்க இன்னா, ஆளே இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கான்ஸ்டேபிள் தடியைத் தரையில் தட்டினான். சிரிப்பு நின்றது.

எதிரில் இருபது முப்பது பேர் அந்த விரல்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அந்தப் பெரிய மனிதருக்குக் காகிதத்தைப் பார்க்கக் கண்ணாடி இருந்தது. கையைப் பார்க்கக் கண் இல்லை. தொட்டால் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

"விரல் வைத்தபோது மை பூசியது யார்?" என்று கேட்டார்.

பெரியப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். நான் தூணோரம் நின்றிருந்தேன். என் நகத்தடியில் அந்த மை இன்னும் முழுதாகப் போகவில்லை. பெரியப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத வயது இல்லை எனக்கு. பெரியவர்கள் சொல்லாமல் வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்தவள். திறக்கவில்லை. மனு பித்தலாட்டம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி ரயிலேறினார்.

பிறகுதான் மாற்றல் உத்தரவு வந்தது. உயர்வோடு மாற்றல். தெருவில் சிலர் அதையே ஜெயம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஊர்ப் பிரமுகர்கள் பிரிவுபசாரம் என்றார்கள். மாற்றலாகிப் போகிற எந்த உத்தியோகஸ்தருக்கும் ஊர் பூமாலை போட்டு, தேநீர் கொடுத்து, பத்திரம் வாசித்து அனுப்புவது வழக்கம். வழக்கத்தை மீறினால் அடுத்து வருபவர் என்ன நினைப்பார் என்று எல்லாருக்கும் கவலை. பெரியப்பா எழுதினார். 'தங்கள் கருணைக் கரங்கள்' என்று ஆரம்பித்தார். முடிக்கும்போது புதிதாக ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. 'தாங்கள் செய்ததை இவ்வூர் ஒருநாளும் மறவாது.' மனுவில் ரசித்த வாக்கியத்தை இங்கேயும் இரண்டு தரம் படித்து ரசித்தார்.

பள்ளிக்கூடத்திலேயே நல்ல குரல் எனக்கு என்று பிரிவுபசார மேடையில் என்னை ஏற்றினார்கள். வாசித்தேன். மூங்கில் வேலிக்கு வெளியே சிநேகிதியின் அப்பா துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. நான் அத்தை என்று கூப்பிடுவேன். கருணைக் கரங்கள் என்ற இடத்தில் நான் தலையை நிமிர்த்தினேன், அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் முகம் தெரிந்தது. குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் என் கன்னத்தைத் தட்டி, "பேஷ்!" என்றார். அந்தக் கையில் அத்தர் வாசனை.

மறுநாள் அத்தை என்னைப் பார்த்து, "நல்லா வாசிச்சே கண்ணு" என்றாள். அதில் ஒரு குத்தலாவது இருந்திருந்தால் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன். இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

பெரியப்பா இப்போது இல்லை. எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். அவள் இருமினால் ஏலகிரித் தேன் போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்று இரண்டு நாள் யோசிப்பவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போன வாரம் இரண்டு காகிதங்கள் வந்தன. முதலில் வந்தது அத்தை கொண்டுவந்த மனு. மண்டித் தெருவில் ஒரு பையனைப் போலீஸார் அடித்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டிருப்பது பழைய மூன்று கோரிக்கைகளையேதான்.

"ஸ்டேஷன்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? உங்க தெரு முன்னாடியே பொய்விரல் வெச்ச தெருதானேன்றாங்க. ஃபைல்ல அப்படித்தான் கீதாம். அன்னைக்கு மை பூசினது நீதானே கண்ணு? அது நெசமான வெரலுங்கதான்னு ரெண்டு வரி எழுதிக் குடு. எங்க வூட்டுக்காரரு போய்ட்டாரு. அந்தப் பேராவது போவட்டும்."

"கேட்டுச் சொல்றேன் அத்தை" என்றேன். யாரைக் கேட்க வேண்டும்? என் கணவர் மண்டியில் இங்கிலீஷ் குமாஸ்தா. "நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். நல்ல மனிதர். பெரியப்பாவும் நல்ல மனிதர்தான்.

இரண்டாவது காகிதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. புதுப் போலீஸ் ஸ்டேஷன் கட்டடத்தைத் திறக்க அடுத்த மாதம் அந்தப் பழைய சப்-இன்ஸ்பெக்டரே வருகிறார், இப்போது பெரிய அதிகாரியாக. வரவேற்புப் பத்திரம் வாசிக்க என் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ரோஜா நிறக் காகிதம், மூலைக்கு ஒரு கிளி. நேற்று அவள் கண்ணாடி முன் நின்று பழகினாள். நான் அரிசி களைந்துகொண்டே, "கருணைங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்து, தலையை நிமிர்த்து" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. அரிசியைக் கீழே கொட்டிவிட்டேன்.

அத்தை கேட்ட இரண்டு வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த மனுவில் விரல்களுக்கு மை பூசியவள் நான். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் விரல், ஒவ்வொன்றையும் என் கையால் பிடித்தேன். இதையே நாளைக்குத் தனிக் காகிதத்தில் எழுதி, பெயர் போட்டு அவளிடம் கொடுப்பேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

என் மகள் விஷயம்தான் தெரியவில்லை. போகாதே என்று சொன்னால் என் கணவருக்கு வேலை போகலாம், அவளுக்குப் பள்ளிக்கூடம் போகலாம். போ என்று சொன்னால் அவள் என்னைவிட நன்றாக வாசிப்பாள். காரணத்தைச் சொல்லலாம் என்றால், எட்டு வயதுக் குழந்தையிடம் ஒடிந்த விரல்களைப் பற்றி எப்படிப் பேசுவது? சொல்லாமல் விட்டால், பதினாறு வருஷம் கழித்து அவளும் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாளே. இதைப் படிக்கும் தாய்மாரில் யாராவது இப்படி ஒரு காகிதத்தைக் குழந்தை கையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்களா? வாங்கும்போது அதனிடம் என்ன சொன்னீர்கள்? எனக்கு எழுதுங்கள்.