முத்திருளன் பார்த்த நடை

உசிலம்பட்டி சந்தைக்கு மாடு வாங்க வருகிறவர்கள் முதலில் தரகர் முத்திருளனைத்தான் தேடுவார்கள். மாட்டை நாலு எட்டு நடக்கவிட்டால் போதும், எந்தக் காலில் என்ன கோளாறு என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். விற்கிறவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கயித்த விடுய்யா! நீ இழுத்த நடைய நான் எதுக்குப் பாக்கணும்?" என்பார். அவர் கண்ணுக்குத் தப்பிய நொண்டி மாடு இல்லை என்று ஊரே சொல்லும். ஊரைவிட அவரே கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனுசனை ஏழு வயசு மகள் சுபலட்சுமியின் கால் பாடாய்ப்படுத்தியது. பிறந்தபோது மூளைக்குக் காற்று போதாமல் போனதில் இரண்டு காலிலும் விறைப்பு. வீட்டில் விளையாட்டு மும்முரத்தில் குதிகால் தரையில் படும். வெளி ஆள் பார்த்தால் நுனிக்காலில்தான் நடப்பாள். வாயில் மட்டும் எந்த விறைப்பும் கிடையாது. டவுன் பஸ் கண்டக்டரையே வம்புக்கு இழுப்பாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், குதிகால் தசைநாணை வெட்டி நீட்டலாமா என்று யோசித்தார். குதிகால் தானாகத் தரையில் படுகிறதா என்று நடையைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு என்று திவ்யாவிடம் அனுப்பினார். பிள்ளைகளின் நடையை அளந்து சொல்வதுதான் திவ்யாவுக்கு வேலை. தேவையில்லாமல் வெட்டி நீட்டிவிட்டால் பிறகு நிற்கும்போது முட்டி மடங்கிப் போகுமாம். அந்தப் பயத்தில் முத்திருளனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீளமான அறை, சுவர் நெடுகக் கேமரா. இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மினுமினுக்கும் சின்ன உருண்டைகளைத் திவ்யா ஒட்டினார்.

"எனக்கு எதுக்குக்கா சீரியல் லைட்டு? நான் என்ன கோபுரமா?" என்றாள் சுபலட்சுமி.

நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். முத்திருளன் பக்கத்திலேயே ஓடினார். "குதிகால ஊனு தாயி! ஊனு, ஊனு!" அவர் சொல்லச் சொல்லக் கால் விறைத்துக் குதிகால் இன்னும் மேலே ஏறியது. ஐந்து தடவை நடந்தாள், ஐந்தும் நுனிக்கால்.

"வீட்டுல குதிகால் நல்லாப் படும், நான் பொய் சொல்றேன்னு நினைக்காதீகம்மா," என்றார் முத்திருளன். "மாட்டோட நெசமான நடை எப்பத் தெரியும்? கயித்த விட்டு, அதுபாட்டுக்குத் தண்ணித் தொட்டிக்குப் போகும்போதுதான். பிடிச்சு இழுத்தா எந்த மாடும் சரியா நடக்காது."

"சரிதான்ண்ணே," என்று சிரித்தார் திவ்யா. "இப்பக் கயிறு யார் கையில இருக்கு?"

பதினெட்டு வருசம் ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி சொந்த மகள் விசயத்தில் எங்கே போய்த் தொலைந்தது என்று முத்திருளனை வெட்கம் பிடுங்கித் தின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வாரேன்," என்று வெளியேறினார்.

டீயை வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை. அது ஆறி ஏடு படர்ந்தது. அரை மணி கழித்துத் திவ்யா கூப்பிட்டார்.

"நெசமான நடை கிடைச்சிருச்சுண்ணே! 'முடிஞ்சது பாப்பா, வீட்டுக்குப் போகலாம்'னேன். கேமராவ மட்டும் நிறுத்தல. பெரிய டாக்டரும் வந்து பாத்துட்டாரு. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், பயிற்சியும் காலுக்குப் பட்டையும் போதும்னு சொல்லிட்டாரு."

திரையில் சுபலட்சுமி வாசலைப் பார்த்து நடந்தாள். "அப்பா எங்கக்கா? என்னைய விட்டுட்டுப் போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முத்திருளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் தன்னைத் தேடி நடந்து அவர் பார்த்ததே இல்லை. தேடும்படி அவளைவிட்டு எட்டி நின்றதுமில்லை.

"குதிகால் பட்டுச்சே, பாத்தீங்களாண்ணே?"

"எங்க பாத்தேம்மா, அவ மூஞ்சியத்தான பாத்துக்கிட்டிருந்தேன்! இன்னொருக்கா போடுங்க, இந்தவாட்டி காலப் பாக்குறேன்."

திவ்யா மறுபடி போட்டார். அப்போதும் அவர் காலைப் பார்க்கவில்லை.