ஆறிட்டுன்னு சொன்னவள்

ரெபேக்காளின் இடது உள்ளங்கையில் ஹைருன் பீவியின் குதிகால் இருந்தது. வலது கையில் நகவெட்டி. பெருவிரல் நகத்தை வளைக்காமல் நேராக வெட்டினாள். வளைத்தால் ஓரம் சதைக்குள் இறங்கும். சர்க்கரைக்காரர்களுக்கு அங்கிருந்துதான் தொல்லை ஆரம்பிக்கும். வெட்டி முடித்ததும் விரல் இடுக்குகளில் துணியை நுழைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள்.

"ஏட்டி, உங்க ஆளுவ இன்னைக்குக் குத்தாலத்துக்கு ஜெபம் பண்ணப் போறாவளாமே. நீ போகலியா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள் பீவி.

"போறேன்னுதான் சொல்லிருக்கேன் பீவிம்மா."

"எனக்கு என்னைக்காவது ஜெபம் பண்ணிருக்கியா நீ?"

"மனசுக்குள்ள பண்ணுவேன்."

"சம்பளத்த நான் மனசுக்குள்ள குடுத்தா வாங்கிக்கிடுவியா?"

ரெபேக்காள் சிரித்துக்கொண்டே அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தாள்.

ஐம்பது தாண்டியவள். கணவன் ஸ்டான்லி லாரி விபத்தில் போய்ச் சேர்ந்தபிறகு ஹோம் நர்ஸ் பயிற்சி முடித்து, செங்கோட்டையில் ரயிலேறி, கொல்லம் பக்கம் வீடு வீடாகப் படுக்கைக்காரர்களைப் பார்த்தாள். புரட்டிப் போடவும், முதுகில் புண் வராமல் காக்கவும், மூக்குக்குழாய் வழியே கஞ்சி கொடுக்கவும் அங்கேதான் கை பழகியது. திரும்பி வந்து மேலகரத்தில் பீவியின் வீட்டில் சேர்ந்துவிட்டாள். பீவியின் முதுகில் இதுவரை ஒரு சிவப்புகூட வந்ததில்லை.

அவளுக்குக் குறை என்று ஒன்றிருந்தால் அது வாய். தென்காசியில் அவள் போகிற சபை சின்னது, சத்தமானது. பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஜெபம் என்று வரிசை வரும்போது மற்றவர்கள் மழையாகக் கொட்டுவார்கள். இவள் முறை வந்தால் இரண்டு வரி, ஆமென். "ரெபேக்காள் சிஸ்டருக்குக் கைதான் பேசும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்தும்.

எபனேசர் பாஸ்டர் வாட்டசாட்டமான ஆள், கெட்டவர் இல்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். அவர் சபைக்குச் சொல்லித்தந்த ஜெபத்துக்கு ஒரு முறை இருந்தது. "சுகமாக்கும், சுகமாக்கும்னு பிச்சைக்காரன் மாதிரிக் கெஞ்சாதீங்க. கிடைச்சாச்சுன்னு நன்றி சொல்லுங்க. அதுதான் விசுவாசம்" என்பார். அதனால் அந்தச் சபையில் காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் விட்டதற்காக ஸ்தோத்திரம் சொல்வார்கள், காய்ச்சல் கொதிக்கும்போதே. வேலை இல்லாதவனுக்கு வேலை கொடுத்ததற்காக நன்றி சொல்வார்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்தப் பேச்சு பழகிப் போயிருந்தது. யாரும் அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியதில்லை.

சீசன் நல்ல சாரலோடு இருந்தது. குற்றாலத்தில் கார் நிறுத்த இடமில்லை. பாஸ்டர் எல்லாரையும் பேருந்து நிறுத்தத்தில் கூட்டி, "ஆளுக்கு ஒரு பக்கம் போங்க. முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட போய், 'உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா'ன்னு கேளுங்க. வேண்டாம்னா சிரிச்சிட்டு வந்துருங்க" என்றார். ரெபேக்காள் வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். உடம்பில் ஹோம் நர்ஸின் நீலக் கோட்டு. மழைக்கு இருக்கட்டும் என்று கழற்றவில்லை.

முதலில் கேட்ட அம்மாள் இவளை எண்ணெய் தேய்த்துவிடுகிறவள் என்று நினைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "நான் எண்ணெய் தேச்சாச்சும்மா" என்று நகர்ந்துவிட்டாள். இரண்டாவது ஆள் காதில் வாங்கவேயில்லை. பேசாமல் போய்ப் பேருந்தில் உட்கார்ந்துவிடலாமா என்று ரெபேக்காள் யோசிக்கும்போதுதான் அந்த வாடை வந்தது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருந்த ஒரு பழக்கடை. பழ வாசனைக்கு அடியில் இன்னொன்று. எத்தனையோ வீடுகளில் புண்ணுக்குக் கட்டுப் பிரித்த மூக்கு அவளுக்கு.

கடைக்குப் பின்னால் ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் துணிக் கட்டு, அதன்மேல் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் பை. பக்கத்தில் அவர் மனைவி ஒரு துணிப் பையில் லுங்கி, டம்ளர், பிளாஸ்க் எல்லாம் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, காலுக்கு?"

"செருப்பு கடிச்சது நர்ஸம்மா. ஈரத்துலயே நிக்கோமா, ஆறவே மாட்டேங்கு" என்றார் அவர். பெயர் மணிமுத்து.

"சுகர் இருக்கு இவுகளுக்கு" என்றாள் மனைவி வள்ளித்தாய். "இப்பதான் ஒருவழியா ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிச்சிருக்காவ. ஆட்டோக்குச் சொல்லிருக்கேன்."

ரெபேக்காள் குனிந்து பிளாஸ்டிக்கை விலக்கினாள். கட்டுக்கு வெளியே தெரிந்த சுண்டுவிரல் ஓரம் கறுத்திருந்தது. இன்றைக்கே போக வேண்டிய கால். அது அவளுக்குத் தெரிந்தது. இவர்கள் போகத்தான் கிளம்பியிருக்கிறார்கள், பை கட்டியாயிற்று என்பதும் தெரிந்தது. அப்புறம் தான் சொல்ல என்ன இருக்கிறது?

"ஒரு ஜெபம் பண்ணி அனுப்பட்டுமா அண்ணாச்சி?"

"பண்ணுங்களேன். யாரு பண்ணுனா என்ன."

அவள் ஈரத் தரையில் முட்டி போட்டு, கட்டின்மேல் கை வைத்தாள். கண்ணை மூடியதும் வாய் திறந்துகொண்டது. ஆயுளில் முதல்முறையாக, ஆள் பார்க்க, சத்தமாக. "அப்பா, இந்தக் காலைத் தொட்டதுக்காக ஸ்தோத்திரம். புண் ஆறிட்டு அப்பா, நன்றி. ஒரு குறையும் இல்லாம ஆறிட்டு. நன்றி அப்பா." வார்த்தை தானாக வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தான் இனிமேல் கை மட்டும் பேசுகிறவள் இல்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது மணிமுத்துவின் காலைப் பற்றியதல்ல.

"வலியே தெரியல நர்ஸம்மா" என்றார் மணிமுத்து. சர்க்கரைக் காலில் வலி முன்னேயும் தெரிந்திருக்காது. அவள் அதைச் சொல்லவில்லை. பாஸ்டர் வந்து இன்னொரு ஜெபம் செய்து, தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு அவளை அழைத்துப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பாஸ்டர் போனில் பேசினார். "சிஸ்டர், நாளைக்கு நீங்க சாட்சி சொல்லணும். குற்றாலத்துல அந்தச் சகோதரன் சுகமான சாட்சி."

"ஆறிட்டா பாஸ்டர்? பாத்தியளா?"

"விசுவாசத்துல பாத்தாச்சு சிஸ்டர்."

கண்ணால் பார்க்காமல் அவளுக்குச் சொல்ல வராது. பீவிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் குற்றாலத்துக்குப் போனாள். பழக்கடை தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. பக்கத்துக் கடை சுப்பு, "மணிமுத்து அண்ணாச்சி தென்காசி ஆஸ்பத்திரில கெடக்காவ. காலை எடுத்தாச்சுல்லா" என்று வடைக்கு விலை சொல்வதுபோலச் சொன்னான்.

வார்டு வாசலில் வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். நீலக் கோட்டைப் பார்த்ததும் எழுந்தாள். கோபமே இல்லை. அதுதான் ரெபேக்காளுக்குத் தாங்கவில்லை.

"வாங்க நர்ஸம்மா. இப்பதான் கண்ணசந்தாவ."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனியளே யம்மா?"

"கெளம்பினோம். நீங்கதான ஆறிட்டுன்னு சொன்னிய? நர்ஸே சொல்லிட்டாவ, பெறவு எதுக்குப் போகணும்னு இவுக பையப் பிரிச்சுட்டாவ. வந்த ஆட்டோவத் திருப்பி அனுப்பியாச்சு. சீசன் யாவாரமும் அப்படி. நானும், சரி, படிச்சவுக சொல்லுதாவ, நமக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

"கட்டைப் பிரிச்சுப் பாக்கலியா?"

"பாக்க விடலியே. பிரிச்சுப் பாத்தா நம்பலன்னு ஆயிருமாம். உங்க பாஸ்டர்ட்ட போன்ல கேட்டதுக்குச் சந்தேகப்படாதிய, நம்பிக்கைய விடாதியன்னாவ. இவுக அதப் பிடிச்சுக்கிட்டாவ. காய்ச்சல் வந்து நெனவு தப்புன பெறவுதான் இங்கன தூக்கிட்டு வந்தோம்." வள்ளித்தாய் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப கொஞ்ச முன்னதான் வெவரம் தெரிஞ்சு பாஸ்டரு வந்து பாத்துட்டுப் போனாவ. விசுவாசம் கொஞ்சம் பத்தலைன்னாவ. அப்படியா நர்ஸம்மா? கடைல எங்க சாமி படம் ஒண்ணு மாட்டிருந்தோம். அத நான் எடுக்கல. அதனாலயா?"

ரெபேக்காள் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"படமும் இல்ல, நீங்களும் இல்ல. நான் சொன்னது தப்பு. புண் ஆறல. அன்னைக்கே விரல் கறுத்துப்போச்சு. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஆறிட்டுன்னு சொன்னிய?"

"எங்க சபைல அப்படித்தான் சொல்லுவோம். நடக்கணும்னு கேக்குதத, நடந்துட்டுன்னு சொல்லுவோம்."

வள்ளித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க தெருவுல அதுக்கு வேற பேரு" என்றாள். பிறகு, "போங்கம்மா. சத்தம் கேட்டா முழிச்சிருவாவ."

சாயங்காலம் பீவியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ரெபேக்காள் எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது.

"நாளைக்கு வாரேன்னு சொல்லதுக்கே நாங்க இன்ஷா அல்லான்னு, ஆண்டவன் நாடுனான்னு சேத்துச் சொல்லுவோம்ட்டி" என்றாள் பீவி. "நீ ஒரு மனுசன் காலுக்கு அந்த ஒத்த வார்த்தையச் சேக்காமப் போயிட்டியே."

மறுநாள் ஆராதனையில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். அவருக்கும் கண் கீழே கறுத்திருந்தது, தூங்கவில்லை போலும். "நேத்து நீங்க அங்க போனது தெரியும் சிஸ்டர். கால் போனாலும் உயிரைக் காத்தாரே. அதைச் சாட்சியாச் சொல்லுங்க. சபை சோர்ந்து போயிரக் கூடாது" என்றார். உண்மையாகவே கெஞ்சினார்.

ரெபேக்காள் மைக்கை வாங்கினாள்.

"குற்றாலத்துல மணிமுத்துன்னு ஒருத்தருக்கு நான் ஜெபம் பண்ணினேன். புண் ஆறிட்டுன்னு சொன்னேன்."

"அல்லேலூயா!" என்றது சபை. கீபோர்டு வாசிப்பவன் பழக்கத்தில் மெல்ல ஒரு ராகத்தை ஆரம்பித்தான்.

"ஆறல" என்றாள் ரெபேக்காள். "நர்ஸ் சொல்லுதான்னு நம்பி அவுக ஆஸ்பத்திரிக்குப் போகல. காலை எடுத்தாச்சு. விசுவாசம் பத்தலைன்னு யாரும் அவுகட்ட இனிமே போய்ச் சொல்லக் கூடாது. அவுக நம்புனாவ. நம்புனதுதான் அவுக செஞ்ச தப்பு."

பின்வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் "ஆமென்" என்றார். கீபோர்டு நின்றது. பாஸ்டர் மெதுவாக வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "சிஸ்டர் மனசு உடைஞ்சிருக்காங்க. எல்லாரும் கையை நீட்டி ஜெபிப்போம்" என்றார். அத்தனை கைகளும் அவளை நோக்கி நீண்டன. "சிஸ்டருக்கு ஆறுதல் கொடுத்துவிட்டதற்காக ஸ்தோத்திரம்! சமாதானத்தால் நிரப்பிவிட்டதற்காக நன்றி!" என்று மழையாகக் கொட்டியது.

அவள் நடுவில் நின்றாள். ஆறுதலும் இல்லை, சமாதானமும் இல்லை. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலை பீவி வீட்டுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீலக் கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டாள். எதிர்த்த டீக்கடையில் பிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கிக்கொண்டாள். வள்ளித்தாய் கட்டிலோரம் நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"ஜெபம் பண்ண வந்தியளா?"

"இல்ல. மிச்சம் இருக்க காலப் பாக்க வந்தேன்."

வள்ளித்தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு விலகி இடம் விட்டாள்.

ரெபேக்காள் போர்வையை ஒதுக்கி இடது பாதத்தைக் கையில் ஏந்தினாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். குதிகாலில் ஒரு வெடிப்பு, உள்ளே லேசாகச் சிவப்பு. டியூட்டி சிஸ்டரைக் கூட்டி வந்து காட்டினாள். சிஸ்டர் குனிந்து பார்த்து, டாக்டர் வரும்போது காட்டுவதாகச் சொல்லிப் போனாள். "இதுல மறுபடி ஈரம் தங்கக் கூடாது. சிவப்புக் கூடுனா உடனே கூப்பிடணும். வலிக்கலன்னாலும் கூப்பிடணும்" என்று ரெபேக்காள் வள்ளித்தாயிடம் சொன்னாள். வள்ளித்தாய் அவள் வாயைப் பார்க்கவில்லை, விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள்.

துடைப்பதற்காக வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஆவி எழும்பியது. மனதுக்குள் ஒன்று கேட்டாள். கேட்டாள், அவ்வளவுதான், நன்றி சொல்லவில்லை.

மணிமுத்து கண் திறந்து அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார்.

"தண்ணி ஆறிட்டா?" என்று கேட்டார்.

அவள் முழங்கையை நீரில் வைத்தாள்.

"இன்னும் ஆறல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, கையை எடுத்து, கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.