கிரேன்காரன் வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

கார்மேகத்துக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்கு ஜாதகத்தில் ஒரு குறையும் கிடையாது. துபாய்தான் காரணம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து அடித்துச் சொல்வேன்.

அவன் கமுதிப் பக்கம், நான் மானாமதுரை. 2003-ல் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, ஒரே கம்பெனியில் சேர்ந்து, அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் ஒரே கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். மேல்தட்டு அவனுக்கு. முதலில் இரண்டு பேரும் கம்பிதான் சுமந்தோம். அவன் மட்டும் சாப்பாட்டு நேரத்தில்கூட டவர் கிரேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஆபரேட்டருக்கு எடுபிடியாக ஏறி, பழகி, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, இரண்டே வருஷத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்கு உயரம் என்றாலே பயம், நாலு மாடிக்கு மேல் ஏற மாட்டேன். அதனால் கீழே நின்று வாக்கி டாக்கியில் அவனுக்கு சிக்னல் கொடுக்கிற டூட்டி எனக்கு வாய்த்தது. ஊப்பர், நீச்சே என்று இந்தியில்தான் பேச வேண்டும் என்று ஃபோர்மேன் உத்தரவு போட்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான் ஆரம்பித்துவிடுவேன்: "மாப்ள, சோத்தாங்கைப் பக்கம் வா. வா. நிறுத்து நிறுத்து! எங்கடா பராக்குப் பாக்குற?" இப்படித் திட்டினால்தான் அவனுக்கும் வேலை ஓடும்.

மதியம் இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும் என்று அவன் இறங்கவே மாட்டான். கொக்கியைக் கீழே விடுவான். நான் சோற்றுத் தூக்கைத் துணியில் சுற்றி அதில் மாட்டுவேன். எட்டு டன் தூக்குகிற இரும்பு, மீன்குழம்பைச் சொட்டு சிந்தாமல் மேலே கொண்டுபோகும். சட்டப்படி அது குற்றம். ஆனால் ஃபோர்மேனுடைய பிரியாணியும் அதே கொக்கியில்தான் மேல் மாடிக்குப் போனது. யாரிடம் யார் புகார் சொல்வது?

அந்த வருஷங்களில் ஊர் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் இப்போது ஒருவனும் நம்ப மாட்டான். ஷேக் சாயித் ரோட்டோரம் இந்த ரமலானில் ஒரு பள்ளத்தைப் பார்த்தால், அடுத்த ரமலானில் அங்கே இருபது மாடி நிற்கும். லீவில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவன், அடையாளத்துக்கு வைத்திருந்த கட்டடத்தைக் காணாமல் பஸ்ஸை விட்டு இறங்கி முழிப்பான். கட்டடம் அங்கேயேதான் இருக்கும். அதற்கு முன்னால் இன்னொன்று எழும்பி மறைத்திருக்கும். எங்களுக்கெல்லாம் சாயங்காலச் செய்தி வாசிப்பது கார்மேகம்தான். அவன் கேம்புக்குள் நுழையும்போதே யாராவது கேட்பார்கள்: "என்னய்யா, இன்னைக்கு என்ன மொளைச்சிருக்கு?" அவன் கைலியைக் கட்டிக்கொண்டே சொல்வான். துபாய் மரினா பக்கம் புதிதாக நாலு கிரேன் வந்திருக்கிறது, நீலக் கண்ணாடிக் கட்டடம் நம்மைத் தாண்டிவிட்டது, அதற்குப் பக்கத்தில் இருக்கிறவன் தூங்குகிறான். நம்மைத் தாண்டிவிட்டது என்று சொல்லும்போது மட்டும் அவன் முகம் சுண்டிப்போகும். சொந்தக் கட்டடம் என்று நினைப்பு!

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். முதல் பெண் பார்த்து நாள் குறித்தபோது அடித்தளத்துக்கு கான்கிரீட் போடுகிற வேலை வந்தது. கிரேன் ஆபரேட்டருக்கு லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பெண் சிங்கப்பூர்க்காரனுக்குப் போனாள். இரண்டாவது பெண்ணுக்குத் தட்டு மாற்றுகிற வாரத்தில், இவனுக்கு மாற்றாக வர வேண்டிய ஆபரேட்டருக்கு மஞ்சள் காமாலை. மூன்றாவது பெண்ணின் அப்பா போனில் என்னையே பிடித்துக் கேட்டார்: "ஏப்பா, உங்க மாப்பிள்ளை தாலியையாவது தானே கட்டுவாரா, இல்ல அதையும் கிரேன்ல அனுப்புவாரா?" நான் கோபப்பட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டேன். அதோடு அதுவும் போனது. ஊரே வளர்ந்தது, இவன் வயதும் வளர்ந்தது. கல்யாணம் மட்டும் தரைமட்டத்திலேயே நின்றது.

நாலாவதாக வந்தது உமாராணி. எங்கள் சைட்டுக்கு எதிரே கீழக்கரைக்காரர் கலீலுர் ரஹ்மான் ஒரு கஃபெட்டீரியா வைத்திருந்தார். ஷார்ஜாவையும் தாண்டி, துபாயிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஜெயசீலன் என்பவர், துபாய்க்கு வரும்போதெல்லாம் அங்கேதான் டீ குடிப்பார். அருப்புக்கோட்டைக்காரர். அவருடைய தங்கைதான் உமாராணி. அண்ணன் குடும்பத்தோடு தங்கி, அங்கே ஒரு கிளினிக்கில் நர்சாக இருந்தாள். கலீல் பாய் இரண்டு பக்கமும் பேசி, போட்டோ மாற்றி, 2008 ஓணம் சமயத்தில் போனில் பேசவும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கிரேன் திரும்புகிற தினுசே மாறிவிட்டது. நான் எவ்வளவு திட்டினாலும் "சரி மாப்ள, சரி மாப்ள" என்றுதான் மேலே இருந்து பதில் வரும். எனக்கே சலித்துப்போய்விட்டது.

மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டுமே? ஜெயசீலன் கறாரான ஆள். "கமுதியில இருக்கிற ஓட்டு வீட்டைப் பாத்து என்ன செய்ய? அவரு இங்க எப்படி இருக்காருன்னுதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். கேம்புக்குள் பெண்களை விட மாட்டார்கள். விட்டாலும் எதைக் காட்டுவது? மேல்தட்டையும் அதில் தொங்குகிற ஈரக் கைலியையுமா? கலீல் பாய்தான் வழி சொன்னார். கஃபெட்டீரியா வாசலில் நாற்காலி போடுவோம், எதிரே கட்டடம் இருக்கிறது, அதைக் காட்டுவோம், மாப்பிள்ளை வீடு அதுதான். அங்கே வார லீவு வெள்ளிக்கிழமைதான்; ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

ஆனால் அக்டோபரிலேயே கார்மேகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் வாக்கி டாக்கியில் சொன்னான்: "பாஸ்கரு, மரினா பக்கம் மூணு கிரேன் இன்னைக்கு ஒண்ணையுமே தூக்கலடா." அடுத்த வாரம் ஏழு. அமெரிக்காவில் ஏதோ பேங்க் படுத்துவிட்டது என்று பேப்பரில் வந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கோ ஒரு பேங்க் படுத்தால் நம் கான்கிரீட் ஏன் நிற்க வேண்டும்? நின்றது. டிசம்பரில் ஒரு காலை பஸ் எங்களை கேட்டில் இறக்கிவிட்டது. கேட் பூட்டியிருந்தது. நாற்பது மாடி என்று ஆரம்பித்த கட்டடம் முப்பத்தொன்றோடு, கம்பிகள் மேலே நீட்டியபடி நின்றுவிட்டது. கேம்பில் உட்கார வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசா கேன்சல், இனி வேலை இல்லை என்றார்கள். கார்மேகத்தின் பெயரும் என் பெயரும் சேர்ந்தே வந்தன.

அவன் வேலைக்காக அழவில்லை. "இதுவும் போயிருச்சுடா" என்று என் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். இது என்றால் உமாராணி. போனில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றான். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "முதல்ல வரட்டும். ஆளைப் பாக்கட்டும். பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் வேலையாவது மண்ணாவது" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, ஜெயசீலன் காரில் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவர் மனைவி பத்மா முறைப்படி தட்டு கொண்டுவந்திருந்தார். வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஷார்ஜா மார்க்கெட் மல்லிகைப்பூ. பின்னால் உமாராணி. போட்டோவில் பார்த்ததைவிட உயரம். கார்மேகத்தை ஒரே ஒரு தரம் நேராகப் பார்த்துவிட்டு, பிறகு கட்டடத்தை நிதானமாக அண்ணாந்து பார்த்தாள்.

இவன் இஸ்திரி போட்ட சட்டையில் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான், ஜனவரி மாதத்தில்! ஜெயசீலனை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. அண்ணே என்றால் அவள் தங்கச்சியாகிவிடுவாள். மச்சான் என்றால் அதற்குள் என்ன அவசரம் என்பார்கள். கடைசியில் சார் என்று கூப்பிட்டுத் தொலைத்தான். கலீல் பாய் டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது ஜெயசீலன் மேலே பார்த்து, "அடேயப்பா! வெள்ளிக்கிழமைகூட வேலை நடக்குதே!" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். உச்சியில் எங்கள் கிரேனின் கை மெதுவாக, மரினா பக்கமிருந்து கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் முந்திவிட்டது. "பின்னே? ராத்திரி பகல்னு ஓடுது. இவன் இன்னைக்கு உங்களுக்காக டூட்டியை மாத்திவிட்டு வந்திருக்கான். மேல ஒரு பெங்காலி உக்காந்திருக்கான்" என்றேன். பெங்காலிக்குப் பெயர்கூட வைத்திருப்பேன், அதற்குள் ஜெயசீலனின் முகம் மலர்ந்துவிட்டது. பத்மா தட்டைக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காரியம் முடிந்தது.

"சார், அது வேலை இல்ல. காத்து" என்றான் கார்மேகம்.

நான் அவன் காலை மிதித்தேன். அவன் நகர்த்திக்கொண்டான்.

"ஆபரேட்டர் எறங்கும்போது பிரேக்கை விட்டுட்டுத்தான் எறங்கணும் சார். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் அது பாட்டுக்குத் திரும்பிக்கிட்டுக் கெடக்கும். இறுக்கி வச்சா சாஞ்சிரும். கடைசியா எறங்குனது நாந்தான், போன மாசம். அதுக்கப்புறம் மேல யாரும் ஏறல. வேலை நின்னுபோச்சு. எனக்கும் கேன்சல்."

ஜெயசீலன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இதை ஏன் போன்ல சொல்லல?"

"பயமா இருந்துச்சு சார். சொன்னா வரமாட்டீங்கன்னு."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தாண்ணே சொல்லவிடல! என்னைக் கேளுங்க! ஆறு வருஷமா வேலை வேலைன்னு இவனுக்கு மூணு பொண்ணு போச்சு. இப்ப வேலை போச்சுன்னு நாலாவதும் போகணுமா? எந்த ஊர் நியாயம் இது?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். பக்கத்து சலூனிலிருந்து ஒரு பாகிஸ்தான்காரர் சோப்பு முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

ஜெயசீலன் எழுந்துவிட்டார். பத்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார். கார்மேகம் தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான், கலாஸ் என்று நான் நினைத்தேன்.

"உக்காரு அண்ணே" என்றாள் உமாராணி.

அவர் உட்காரவில்லை. அவள் சமோசாவை எடுத்துப் பிட்டுக்கொண்டே பேசினாள். "வர்ற வழியில பாத்துக்கிட்டுத்தானே வந்தோம்? பாதிக் கட்டடம் அப்படியே நிக்குது. கிளினிக்குக்கு வர்றதுல பாதிப் பேரு கேன்சலான ஆளுங்க, ராத்திரித் தூக்கமில்லன்னு பிரஷர் பாக்க வர்றாங்க. ஊரே நின்னு கெடக்கு, இவரு கட்டடம் மட்டும் ஓடுதுன்னா நான் நம்பிருவேனா? இவரு என்ன சொல்றாருன்னு பாக்கத்தான் வந்தேன்."

"அதுக்கு? வேலையில்லாதவருக்கு எப்படிம்மா..."

"வேலைதான் எங்கிட்ட இருக்கே. கிரேன் ஓட்டத் தெரிஞ்சவருக்கு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிடைக்கும். ஆனா லீவு கிடைக்காது. ஆறு வருஷத்துல இப்பத்தான் இவருக்கு லீவு கிடைச்சிருக்கு. இவங்க மறுபடி கட்ட ஆரம்பிக்கிறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிரணும் அண்ணே!"

கலீல் பாய்தான் முதலில் சிரித்தார். பிறகு பத்மா. ஜெயசீலன் சிரிக்காமல் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. "எப்பாடி, இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?" என்று உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். தட்டு கை மாறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதை நான் மறைக்கவும் இல்லை. என் கல்யாணத்தில்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை, என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

மாசியில் கமுதியில் கல்யாணம். ஒரு முகூர்த்தம்கூடத் தள்ளிப்போகவில்லை. ஆறு மாதம் மாமனார் வீட்டு விருந்து, அவன் வீட்டு விருந்து என்று ஊரில் கிடந்து தொப்பை போட்டுவிட்டு, ராஸ் அல் கைமாவில் துறைமுகத்து கிரேனுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவளே விசாரித்துச் சொல்லி, திரும்பி வந்து சேர்ந்தான். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அவர்கள் காரில் ஏறுகிற நேரம். இவர்கள் இரண்டு பேரும் ரெண்டு வார்த்தை பேசட்டும் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம், ஆனால் காதில் விழுகிற தூரத்தில்தான் நின்றோம். உமாராணி மேலே அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, அங்க உக்காந்து என்கூட போன்ல பேசும்போது... ராஸ் அல் கைமா தெரியுமா?"

ஆறு வருஷம் காத்திருந்தவன். அப்படி ஒரு பெண், அப்படி ஒரு கேள்வி. என்ன சொல்ல வேண்டும் என்று சமோசா மடிக்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

கார்மேகம் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: "தெரியாதுங்க. ஷார்ஜா தாண்டி ஒரே தூசிதான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர, நிற்க முடியாமல் சிரித்தாள். "கடவுளே, இதுக்குமா உண்மையைச் சொல்லுவாங்க?" என்றாள்.