கனடாவில் இறந்தவன்

என் மகன் கனடாவில் இருக்கிறான். அவன் அங்கே போய் இறங்கிய கையோடு நான் செத்துவிட்டேன். கொழும்பு வெள்ளவத்தையில் விடிய எழும்பி, தேத்தண்ணீர் குடித்து, ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரையில் நடந்துவிட்டு, வரும் வழியில் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற இந்த மனிதன் கனடாக்காரரைப் பொறுத்தவரை உயிரோடு இல்லை. செத்தவீடு நடக்கவில்லை, யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை, அவ்வளவுதான்.

இதை விளங்கப்படுத்தத்தான் வேண்டும். போர் முடிவதற்குக் கொஞ்சம் முந்திய காலத்தில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியனை வைத்திருந்த வீடுகள் எல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தன. வெள்ளை நிற வான் வண்டி ஒன்று வந்து வாசலில் நிற்கும். அதில் ஏற்றுப்பட்டு ஆள் போவான். பிறகு எந்தப் பொலிஸில் கேட்டாலும் தெரியாது என்பார்கள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்டைப் பிடித்தேன். அவர் எங்கள் வீட்டு ஹோலில் உட்கார்ந்து, என் மனைவி சுட்ட வடையைத் தின்றுகொண்டே, மகன் அங்கே போய் அகதி விண்ணப்பத்தில் சொல்ல வேண்டிய கதையைக் கட்டினார். பொடியனைத் தேடி வந்தார்கள் என்பது போதாதாம்.

“எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். தகப்பனைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சுட்டுப்போட்டாங்கள், பிரேதமும் கிடைக்கேல்லை எண்டு சொன்னால் மறுபேச்சு இல்லை,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “ஐயாவுக்கு ஆட்சேபனை ஒண்டும் இல்லையே?”

“தாராளமாச் சுடுங்கோ,” என்றேன் நான். ஏஜென்ட் விழுந்து விழுந்து சிரித்தார். மகனும் சிரித்தான். மனைவி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். இரண்டு வடை தட்டில் மிச்சம் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் கொண்டுபோனாள்.

கதை பலித்தது. மகனை ஏற்றுக்கொண்டார்கள். படித்தான், வேலை எடுத்தான், கலியாணம் கட்டினான், பிரஜாவுரிமையும் கிடைத்தது. என் சாவினால் ஒரு குடும்பம் நன்றாக இருக்கிறது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. மனைவி ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை.

நான் பென்ஷன் எடுத்தபோது எங்கள் மாடிவீடுகளில் இருந்து சனம் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கியிருந்தது. மேல் வீட்டுக்காரர் மெல்பேர்னில் மகளிடம் போனார். முன் வீட்டு மாஸ்டரும் மனுசியும் லண்டன் போனார்கள். லிஃப்டில் காணும்போதெல்லாம் மிச்சம் இருப்பவர்கள் “உங்களுக்கு எப்ப?” என்று கேட்பார்கள். கலியாணம் ஆகாத பெட்டையைக் கேட்கிற மாதிரியே கேட்பார்கள். கடற்காற்று இல்லாமல் எனக்கு நித்திரை வராது என்று சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் பின்னேரங்களில் கடற்காற்றுக்கு ஜன்னலைப் பூட்டி வைப்பவன் நான்.

மகன் ஒருமுறை மனைவியோடும் சின்ன மகளோடும் வந்து நின்றான். பேத்திக்கு அப்போது நடக்கத் தெரியாது. பகல் முழுவதும் என் மனைவியின் தோளில் கிடந்தது. அவர்கள் திரும்பிப் போனபிறகு மனைவி ஆள் மாறிப்போனாள். தொலைபேசியில் குழந்தையைப் பார்க்கும்போது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம். போனை அணைத்தபிறகு அதே இடத்தில் இருப்பாள். அடுப்பில் கறி அடிப்பிடிக்கும், எழும்பமாட்டாள். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். எனக்குப் பயம் பிடித்தது. இப்படியே போனால் இவள் என் கண்ணுக்கு முன்னாலேயே தேய்ந்துபோவாள் என்று தெரிந்தது.

மகனிடம் சொன்னேன். அவன் அங்கே ஒரு லோயரைக் கேட்டுவிட்டுப் போன் எடுத்தான்.

“அம்மாவை நிரந்தரமாக் கூப்பிடலாம், அப்பா. உங்களைத்தான்... இப்ப போய் அப்பா உயிரோட இருக்கிறார் எண்டு சொன்னால் அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு ஆகும். பிரஜாவுரிமையையும் பறிப்பாங்களாம். பிள்ளையை வைச்சுக்கொண்டு நான் எங்கை போறது?”

“விசரா, அதை ஏன் சொல்லப்போறாய்? செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும்,” என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

மனைவி ஒரேயடியாக மறுத்தாள். “நீங்கள் இல்லாமல் அங்கை போய் நான் என்ன செய்யிறது?”

“நீர் போம். நான் என்ன சின்னப் பிள்ளையோ? சாப்பாட்டுக் கடைகள் நிறைஞ்ச ஊரில இருக்கிறன்,” என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். நாள் கணக்கில் வாதாட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த நாள் காலை தேத்தண்ணீரை வைத்துவிட்டு, “சரி, போறன்,” என்றாள். இவ்வளவு கெதியில் ஒத்துக்கொண்டாளே என்று எனக்குக் குத்தியது. போகச் சொன்னவனும் நான், குத்துப்பட்டவனும் நான்.

புருஷன் இல்லை என்று அவள் ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப வேண்டும் என்றான் மகன். வெள்ளவத்தையில் அதைச் செய்ய முடியாது. இங்கே கடதாசிக்குச் சீல் குத்துகிற சமாதான நீதவான்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். நகரத்தின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது. அதனால் என் சாவைச் சத்தியம் பண்ண நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தாலிக்கொடியை வீட்டிலேயே கழற்றி அலுமாரியில் வைத்திருந்தாள். அந்த நேரம் என்னை அறைக்குள் விடவில்லை. த்ரீவீலரில் புறக்கோட்டை நெரிசலைத் தாண்டியபிறகு சேலைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்தாள். நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவன் அன்னாசிப்பழம் வெட்டி மிளகாய்த்தூள் போட்டுக்கொண்டிருந்தான்.

நீதவான் என்னைவிட வயதானவர். ஒரு கடைக்கு மேலே, ஒடுங்கிய படி ஏறிப் போகும் சின்ன அறை. என்னைக் காட்டி, “இவர்?” என்றார்.

“என்ர தமையன்,” என்றாள் என் மனைவி. நாங்கள் என்ன சொல்வது என்று பேசி வைக்கவே இல்லை. கொஞ்சமும் தடக்காமல் சொன்னாள்.

டைப் பண்ணின தாளை அவர் வாசித்துப் பார்த்தார். சீலைக் குத்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் நல்ல மனிதர். “எப்பிடி நடந்தது, தங்கச்சி?” என்று கேட்டார்.

ஏஜென்ட் கட்டிய கதையைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அது இரண்டு வசனம்தான்.

“அண்டைக்கு வெள்ளிக்கிழமை,” என்றாள். “புடலங்காய் வறையும் ரசமும் வைச்சனான். வேலை முடிஞ்சு வாற நேரத்துக்கு ஆள் வரேல்லை. பல்கனியில நிண்டு ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்தனான். ஒவ்வொரு பஸ்ஸிலையும் அவரைப் போல ஒராள் இறங்கும், கிட்ட வந்தால் வேற ஆள். பிறகு ஆரோ வந்து றோட்டில ஒரு செருப்புக் கிடக்கு எண்டு சொல்லிச்சினம். ஓடிப்போய்ப் பாத்தனான். அவற்ற செருப்புத்தான். இடது கால். அதைக் கையில எடுத்துக்கொண்டு வந்தனான். வேற ஒண்டும் எனக்குக் கிடைக்கேல்லை.”

அவள் அழுதாள். நடிப்பு இல்லை. அவள் அழுகை எனக்குத் தெரியாதா?

ஏஜென்ட் வருவதற்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் இருந்தது. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கி வரிசையில் நிற்கவைத்துவிட்டார்கள். பிந்தி வீட்டுக்கு வந்தேன். இரண்டு செருப்போடும்தான் வந்தேன். ரசம் பச்சைத் தண்ணீராய் ஆறிக்கிடக்கிறது என்று சத்தம் போட்டேன். அவள் சூடாக்கித் தந்தாள். அந்தப் பல்கனியில் நின்ற நேரத்துக்குள் அவள் என்னைச் சாகக் கொடுத்துவிட்டாள் என்பதும், அந்த ஒற்றைச் செருப்பை இத்தனை வருடமும் தனக்குள் வைத்திருந்தாள் என்பதும் கொட்டாஞ்சேனையில் ஒரு அந்நியரின் மேசைக்கு முன்னால்தான் எனக்குத் தெரியவந்தது. ஏஜென்ட் சிரித்த அன்று அவள் ஏன் குசினிக்குப் போனாள் என்று அவளை நான் கேட்டதே இல்லை.

அவள் கையெழுத்து வைத்தாள். அவர் சீலைக் குத்தினார். போகும்போது என் கையைப் பிடித்து, “தங்கச்சியைத் தனிய விட்டிடாதேங்கோ, அண்ணை. இனி நீங்கள்தானே,” என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

படியால் இறங்கும்போது அவளுக்கு முழங்கால் நோகும். கையைக் கொடுத்தேன். பாதிப் படியில் நின்று, “அண்டைக்கு நான் வந்தனான் தானே,” என்றேன்.

“ஓம், நீங்கள் வந்தனீங்கள்,” என்றாள். “நான்தான் இனி வரமாட்டன்.”

மழைக்காலம் தொடங்குமுன் விசா வந்தது, போனாள். சொன்னபடியே, அவள் திரும்பி வரவில்லை.